மாதம் 3 சதவீதம் கிடைக்குமா? மும்பையில் 8 லட்சம் சேமித்திருக்கும் ஒருவருக்கு விரிவான பதில்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு பதிலுக்கு வருகிறேன். திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து வந்து முலுண்டில் வாடகை வீட்டில் இருக்கிறீர்கள், வேலை ஐரோலியில், வயது 31. கைக்கு வரும் சம்பளம் 95,000 ரூபாய். வாடகைக்கு 30,000, ஊரிலிருக்கும் பெற்றோருக்கு 15,000, சாப்பாடு, போக்குவரத்து முதலியவற்றுக்கு 25,000 போக மாதம் 25,000 மிஞ்சுகிறது. சேமிப்புக் கணக்கில் 8 லட்சம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளில் தங்கைக்குத் திருமணம் செய்ய வேண்டும். உங்கள் பங்காக 5 லட்சம் தருவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். பத்து ஆண்டுகளில் ஒரு கோடி சேர்த்து இங்கேயே வீடு வாங்க வேண்டும் என்பது ஆசை. உடன் வேலை பார்க்கும் நண்பர் எட்டு மாதமாக ஆப்ஷன் வணிகத்தில், அதாவது பங்கு விலை எந்தப் பக்கம் எவ்வளவு நகரும் என்று ஊகித்துச் செய்யும் ஒப்பந்த வணிகத்தில், மாதம் 3 சதவீதம் எடுத்திருக்கிறார். அந்த 8 லட்சத்தை அதில் போடலாமா, வேண்டாமென்றால் எத்தனை சதவீதம்தான் எதிர்பார்க்கலாம், சந்தை உயரத்தில் இருப்பதால் சற்றுக் காத்திருக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த 8 லட்சத்தில் ஒரு ரூபாய்கூடப் பங்குச்சந்தைக்குப் போகக் கூடாது. மாதாமாதம் மிஞ்சும் பணத்தில் ஒரு பகுதி போகலாம், போகவும் வேண்டும். இனி மாதாமாதம் சேர்க்கும் பணம் முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 9 சதவீதம் என்று வைத்துத் திட்டமிடுங்கள். இந்த எண் உங்களுக்கு ஏமாற்றம் தரும் என்று தெரியும். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஃபோர்ட் பகுதி அலுவலகங்களில் கணக்கு எழுதியும் தணிக்கை செய்தும் நான் பார்த்தவரையில், நடுத்தரக் குடும்பங்களின் பணம் அழிந்தது பெரும்பாலும் குறைவான வட்டியால் அன்று, நடக்க முடியாத வட்டியை எதிர்பார்த்ததால்தான்.

மாதம் 3 சதவீதம் என்பது கேட்பதற்குச் சிறிய எண்ணாகத் தோன்றும். அதைக் கூட்டு வட்டியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டுகிறது. உங்கள் 8 லட்சம் இந்த விகிதத்தில் இருபது ஆண்டுகள் வளர்ந்தால் ஏறத்தாழ 96 கோடி ஆகும். இந்தத் தொகையைப் பார்த்த பிறகு, அந்த விகிதம் நெடுங்காலம் நீடிக்கக்கூடியதா என்று நான் தனியாக வாதிட வேண்டியதில்லை.

உங்கள் நண்பர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. எட்டு மாதம் அவருக்கு லாபம் வந்திருக்கும். மாதந்தோறும் சீராக வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அவர் ஆப்ஷனை வாங்குபவராக அல்லாமல் விற்பவராக இருக்கக்கூடும். ஆப்ஷன் விற்பவர், காப்பீட்டு நிறுவனம் செய்யும் வேலையைத் தனி ஆளாகச் செய்கிறார்: சந்தை குறிப்பிட்ட அளவுக்கு மேல் நகராது என்று நம்பி பிரீமியத்தை வாங்கிக்கொள்கிறார்; நகர்ந்துவிட்டால் இழப்பு முழுவதும் அவர் தலையில் விழுகிறது. சாதாரண மாதங்களில் பிரீமியம் சிறுசிறு தொகையாக வந்துகொண்டே இருக்கும். அப்புறம் 2024 ஜூன் 3, 4 போன்ற நாட்கள் வரும். தேர்தல் முடிவுக்கு முந்தைய நாளான ஜூன் 3 அன்று மும்பைப் பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 2,500 புள்ளிகள் ஏறியது. வாக்கு எண்ணிக்கை நடந்த மறுநாள் ஏறத்தாழ 4,400 புள்ளிகள், அதாவது கிட்டத்தட்ட 6 சதவீதம், ஒரே நாளில் இறங்கியது. தக்க பாதுகாப்பு இல்லாமல் ஆப்ஷன் விற்றவருக்கு ஓராண்டுப் பிரீமியம் அந்த ஒரு பகலில் போய்விடக்கூடும்; முதலுக்கே மோசம் வரவும் கூடும். எட்டு மாதக் கணக்கில் அப்படிப்பட்ட நாள் ஒன்றுமே இல்லையென்றால், அந்தக் கணக்கு இன்னும் முழுமை பெறவில்லை என்றுதான் ஒரு கணக்கர் சொல்வார்.

இது என் அபிப்பிராயம் மட்டும் அன்று. பாந்த்ரா குர்லா வளாகத்தில் தலைமையகம் கொண்ட, பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி, 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு சார்ந்த எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்) வணிகம் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் இழப்பைச் சந்தித்தார்கள் என்று காட்டியது. செலவுகளையும் சேர்த்து ஓர் ஆளுக்குச் சராசரி இழப்பு சுமார் 2 லட்சம். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடியைத் தாண்டியது. எதிர்ப்புறம் லாபம் பார்த்தவர்கள் பெரும்பாலும் யார் என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது: சொந்தப் பணத்தில் வணிகம் செய்யும் பெரிய தரகு நிறுவனங்களும் அயல்நாட்டு நிதி நிறுவனங்களும்தான், அவர்களுடைய லாபத்தில் மிகப் பெரும்பகுதி கணினி நிரல் வழியாக வந்தது. ஆப்ஷனில் ஒருவர் பெறுவது இன்னொருவர் இழப்பது. அந்தக் கொடுக்கல் வாங்கலில் தரகும் வரியும் ஒவ்வொரு முறையும் இருபுறமும் கழிந்துகொண்டே இருக்கும். அலுவலக இடைவேளையில் செல்பேசியில் விலை பார்ப்பவர், அதே தொழிலை நாள் முழுவதும் செய்யும் இயந்திரங்களோடு போட்டியிடுகிறார் என்பதை நீங்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

அடுத்து, ஆண்டுக்கு எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். நிஃப்டி 50 குறியீடு 1995 நவம்பர் 3 அன்று 1,000 என்ற அடிப்படையில் தொடங்குகிறது. 2024 இறுதியில் அது சுமார் 23,600. இருபத்தொன்பது ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் ஆண்டுக்குச் சுமார் 11.5 சதவீதம், ஈவுத்தொகை இதில் சேரவில்லை, அது தனி. நாட்டின் பெரிய நிறுவனங்கள் ஐம்பதும் சேர்ந்து, பல நெருக்கடிகளைத் தாண்டிக் கொடுத்த வளர்ச்சி இது. ஆகவே பங்கில் போடும் பகுதிக்கு 11 சதவீதம் என்று நம்புவது நியாயம்; 15 என்பது ஆசை; 25 என்பது விளம்பரம்.

இந்த 11.5 என்பது வட்டியைப் போல ஆண்டுதோறும் வருவதில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அதே நிஃப்டி 2003 ஏப்ரலில் 1,000-க்கும் கீழே இருந்தது. தொடங்கி ஏழரை ஆண்டுகளுக்குப் பிறகும் குறியீட்டின் அளவில் வளர்ச்சி பூஜ்யத்துக்குக் கீழ். 2008-இல் அது சுமார் 52 சதவீதம் விழுந்தது. 2009-இல் 76 சதவீதம் எழுந்தது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் ஆண்டுச் சராசரி 12 சதவீதம் என்று வரும், கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் 2008 தொடக்கத்தில் 100 ரூபாய் வைத்திருந்தவரிடம் 2009 முடிவில் இருந்தது ஏறத்தாழ 85 ரூபாய்தான். பாதியை இழந்தவன் பழைய இடத்துக்கு வர இரட்டிப்பாக வேண்டும் என்ற எளிய கணக்கை, சராசரி வருமானம் சொல்லும் விளம்பரங்கள் மறைத்துவிடுகின்றன. யாராவது உங்களிடம் சராசரியைச் சொன்னால், மிக மோசமான ஐந்தாண்டில் என்ன நடந்தது என்று திருப்பிக் கேளுங்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்றை இங்கே சொல்வது உங்களுக்கு உதவும். 1992 மார்ச்சில் எனக்கு 25 வயது. மாதுங்காவில் பெற்றோருடன் இருந்தேன். அலுவலகத்தில் பியூன் முதல் மேலாளர் வரை பங்கு விலையைத் தவிர வேறு பேச்சில்லை. அக்காள் திருமணத்துக்காக நானும் அப்பாவும் சேர்த்து வைத்திருந்த 60,000 ரூபாயை, ஆறு மாதத்தில் இரட்டிப்பாக்கி வீட்டை ஆச்சரியப்படுத்தலாம் என்று நம்பிப் பங்குகளில் போட்டேன். அந்த ஏப்ரல் 22 அன்று சென்செக்ஸ் 4,467-இல் முடிந்தது, அடுத்த நாட்களில் பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் மோசடி விவகாரம் வெளியே வந்தது, சந்தை சரிந்தது. ஓராண்டு கழித்து மாப்பிள்ளை வீட்டார் நாள் குறித்தபோது கையில் இருந்தது பாதிக்கும் குறைவு. அந்தப் பங்குகளை அப்போது விற்றுத்தான் ஆக வேண்டியிருந்தது. மீதியை அப்பா வட்டிக்குக் கடன் வாங்கி ஈடுகட்டினார்; அதை அடைக்க எங்களுக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. இன்றுவரை அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை, அது எனக்கு இன்னும் வருத்தம். நான் தேர்ந்தெடுத்தவை மோசமான நிறுவனங்கள் அல்ல. அந்தப் பணத்துக்கு ஒரு தேதி இருந்தது என்பதை நான் மறந்ததுதான் தவறு. தேதி குறித்த பணத்தைத் தேதி இல்லாத சந்தையில் போட்டேன். 2003 ஏப்ரலிலும் சென்செக்ஸ் 3,000 அளவில்தான் இருந்தது. பதினோரு ஆண்டுகள் காத்திருந்தாலும் அந்தத் திருமணத்துக்கு அது உதவியிருக்காது.

உங்கள் தங்கையின் திருமணத்தைப் படித்தவுடன் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. அதனால்தான் 8 லட்சத்தைத் தொட வேண்டாம் என்கிறேன். அதை இப்படிப் பிரித்துப் பாருங்கள். உங்கள் மாதச் செலவு, ஊருக்கு அனுப்புவதையும் சேர்த்து, 70,000. வேலை போனால் அடுத்த வேலை கிடைக்க ஆறு மாதம் ஆகலாம் என்று வைத்துக்கொண்டால் 4.2 லட்சம் அவசரத்துக்கு வேண்டும். முலுண்டு வாடகையும் ஊரில் பெற்றோரின் மருந்துச் செலவும் வேலை இல்லையென்று நிற்கப்போவதில்லை. மீதி 3.8 லட்சம். திருமணத்துக்கு 5 லட்சம் வேண்டும். ஆகவே மாதம் 5,000 ரூபாயை 24 மாதங்களுக்கு ஒரு தொடர் வைப்பில் கட்டினால் 1.2 லட்சம் சேர்ந்து கணக்கு நேராகிவிடும், வட்டி சிறு செலவுகளுக்கு ஆகும். ஆக, அந்த 8 லட்சமும் ஏற்கெனவே பெயர் எழுதி வைத்த பணம். சேமிப்புக் கணக்கில் சும்மா கிடப்பதுபோலத் தோன்றுகிறது, ஆனால் அதற்கு வேலை இருக்கிறது.

சும்மா கிடக்கவும் வேண்டாம். அவசரப் பணத்தில் ஒரு மாதச் செலவை மட்டும் சேமிப்புக் கணக்கில் விட்டு, மற்றதைத் துண்டு துண்டான வைப்புகளாக இரண்டு வங்கிகளில் போடுங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் வைப்புக் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன்பு அது ஒரு லட்சமாக இருந்தது. 2019 செப்டம்பரில் மும்பையின் பெரிய கூட்டுறவு வங்கி ஒன்றில் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது, தொடக்கத்தில் ஒரு கணக்கிலிருந்து 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியவில்லை. அரை சதவீதம் கூடுதல் வட்டி என்று சின்ன வங்கியில் முழுப் பணத்தையும் வைக்கும் பழக்கம் நம்மவர்களிடம் நிறைய இருக்கிறது. திருமணப் பணத்தின் வைப்பு, திருமணத்துக்கு இரண்டு மாதம் முன்பு முதிரும்படி இருக்கட்டும்.

இனி மாதம் 20,000 ரூபாய் மிஞ்சுகிறது. உங்கள் செல்வம் உருவாகப் போவது இதிலிருந்துதான். 13,000 ரூபாயை, நிஃப்டி 50 போன்ற குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் ஒரு குறியீட்டு ஃபண்டில், நேரடித் திட்டத்தில், எஸ்ஐபியாக, அதாவது மாதத் தவணையாகப் போடுங்கள். 7,000 ரூபாயை வங்கித் தொடர் வைப்பில் போடுங்கள். ஓய்வுக்காலத்துக்கு உங்கள் பிஎஃப் தனியாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது, 2024-25-க்கு அதன் வட்டி 8.25 சதவீதம், வேலை மாறும்போது அதை எடுத்துச் செலவழிக்காமல் மாற்றிக்கொண்டு மட்டும் போங்கள். பங்குப் பகுதியின் 11 சதவீதத்தையும், வரி கழித்து வைப்பில் நிற்கும் ஐந்தரை, ஆறு சதவீதத்தையும் சேர்த்தால் மொத்தத்துக்கு 9 சதவீதம் என்று நான் முதலில் சொன்ன எண் வருகிறது. ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கே 4 சதவீதம். அது 6 வரை போகலாம் என்ற வரம்பும் இருக்கிறது. ஆகவே விலைவாசியைக் கழித்த பிறகு உங்களுக்கு உண்மையில் மிஞ்சுவது ஆண்டுக்கு மூன்று முதல் ஐந்து சதவீதம்தான். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டவர் இடையில் மனம் உடைய மாட்டார்.

மாதம் 20,000 ரூபாய், 9 சதவீதம், பத்து ஆண்டுகள் என்றால் சேர்வது சுமார் 38.7 லட்சம். ஒரு கோடி வராது. அதே 20,000-இல் பத்து ஆண்டுகளில் ஒரு கோடி வர வேண்டுமானால் மாதம் 2 சதவீதத்துக்கு மேல் விடாமல் கிடைக்க வேண்டும். உங்கள் மனம் நண்பரின் 3 சதவீதத்தை நோக்கிப் போவதற்குக் காரணமே இந்த இடைவெளிதான் என்று நினைக்கிறேன். இடைவெளியை வட்டியால் நிரப்பப் பார்க்கிறீர்கள். அதைச் சேமிப்பால் எவ்வளவு நிரப்ப முடியும் என்று பாருங்கள். உங்கள் திறமையெல்லாம் செலுத்தி 9 சதவீதத்தை 12 ஆக்கினீர்கள் என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது 46 லட்சம்; அதாவது ஏழு லட்சம் கூடுதல். 9 சதவீதத்திலேயே இருந்துகொண்டு, மாதத் தொகையை மட்டும் ஆண்டுக்கு 10 சதவீதம் உயர்த்திக்கொண்டே போனால், அதாவது அடுத்த ஆண்டு 22,000, அதற்கடுத்த ஆண்டு 24,200 என்று போனால், கிடைப்பது சுமார் 57.5 லட்சம், பத்தொன்பது லட்சம் கூடுதல். முதலாவது உங்கள் கையில் இல்லை. இரண்டாவது, சம்பள உயர்வு வரும் மாதத்திலேயே எஸ்ஐபி தொகையை மாற்றி எழுதும் ஒரு பழக்கம், அவ்வளவுதான். முப்பத்தொரு வயதில் உங்கள் மிகப் பெரிய சொத்து உங்கள் சம்பளம்; பங்கு விலை பார்க்கும் நேரத்தில் உங்கள் தொழிலைக் கூர்மையாக்கிக்கொண்டால் அதன் பலன் எந்த ஃபண்டையும்விடப் பெரிதாக இருக்கும்.

57 லட்சத்தில் மும்பையில் வீடு வாங்க முடியுமா என்று கேட்பீர்கள். கடனுக்கு முன்பணமாக அது கணிசமான தொகை. ஆனால் வாடகையை வீண் செலவாக மட்டும் பார்க்காதீர்கள். இந்த நகரத்தில் வீட்டு விலையில் ஆண்டுக்கு இரண்டு மூன்று சதவீதம்தான் வாடகை வருகிறது, கடன் வட்டியோ அதைவிட மிகவும் அதிகம். வாடகையில் இருந்துகொண்டு சேமிப்பவர் பின்தங்கிவிடுவதில்லை. வாங்கும் முடிவுக்கு மூன்று ஆண்டுகள் முன்பிருந்தே ஃபண்டில் உள்ளதைச் சிறிது சிறிதாக வைப்புக்கு மாற்றத் தொடங்குங்கள். அந்தப் பணத்துக்கும் அப்போது தேதி வந்துவிடுகிறது.

நேரடித் திட்டம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 2013 ஜனவரியிலிருந்து எல்லா மியூச்சுவல் ஃபண்டுகளிலும் முகவர் தரகு இல்லாத இந்த வகை இருக்கிறது. செலவில் ஒரு சதவீத வித்தியாசம் சிறியது என்று தோன்றும். 10 லட்சம் ரூபாய் இருபது ஆண்டுகளில் 12 சதவீதத்தில் 96 லட்சமாகும், 11 சதவீதத்தில் 81 லட்சமாகும். வழிகாட்ட ஒருவர் வேண்டுமென்று தோன்றினால், செபியில் பதிவு செய்த, உங்களிடம் மட்டுமே கட்டணம் வாங்கும் ஆலோசகரிடம் போங்கள். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்கும் பங்கு ஃபண்ட் லாபத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு இப்போது 12.5 சதவீத வரி. ஓராண்டுக்குள் விற்றால் 20 சதவீதம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாகச் செய்ய வேண்டியது பெற்றோருக்கான மருத்துவக் காப்பீடு. உங்கள் அலுவலகக் காப்பீடு உங்கள் வேலையோடு போய்விடும். ஊரிலிருந்து ஒரு நாள் இரவு வரும் தொலைபேசி அழைப்புதான் நம் போன்றவர்களின் சேமிப்பை ஒரே வாரத்தில் கரைக்கிறது. உங்களுக்கு ஒரு கோடிக்கு டேர்ம் பாலிசியும், அதாவது நீங்கள் இல்லாமல் போனால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடும், எடுங்கள். சேமிப்பும் காப்பீடும் கலந்த பாலிசிகளில் வருமானம் பெரும்பாலும் 5, 6 சதவீதத்தைத் தாண்டுவதில்லை, காப்பீட்டுத் தொகையும் போதாது.

சீட்டு, நகை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. தெரிந்தவர்கள் நடத்தும் ஏலச்சீட்டோ, இங்கே பிஷி என்று சொல்வதோ, சேமிக்க ஒரு கட்டாயத்தைத் தரும். முதலீடாக அதை எண்ண வேண்டாம், பதிவு செய்யாததில் சேரவும் வேண்டாம். அதிக வட்டி நிதி நிறுவனங்கள் மூழ்கடித்த வைப்பாளர்களுக்காகவே தமிழ்நாடு 1997-இலும் மகாராஷ்டிரம் 1999-இலும் தனிச் சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்தது. நாம் பிறந்த மாநிலம், பிழைக்க வந்த மாநிலம் இரண்டுக்கும் இது புதிய நோய் இல்லை.

கடைசியாக, சந்தை உயரத்தில் இருக்கிறதே, இறங்கும் வரை காத்திருக்கலாமா என்ற கேள்வி. மாதம் 13,000 போடுபவருக்கு இதில் பயப்பட அதிகம் இல்லை. முதல் ஆண்டு முழுவதும் நீங்கள் போடுவது 1.56 லட்சம். 2020 ஜனவரியிலிருந்து மார்ச் 23 வரை சென்செக்ஸ் 42,000-இலிருந்து 26,000-க்கு வந்ததைப் போன்ற ஒரு வீழ்ச்சி அந்த ஆண்டு முடிவில் வந்தாலும், காகிதத்தில் குறைவது சுமார் 60,000 ரூபாய். அடுத்த ஒன்பது ஆண்டுகளின் தவணைகள் அந்தக் குறைந்த விலையிலிருந்து வாங்கத் தொடங்கும். தங்கையின் திருமணப் பணமும் ஆறு மாதச் செலவும் வங்கியில் பத்திரமாக இருப்பதால், அன்று நீங்கள் எதையும் விற்க வேண்டியிருக்காது. ஆகவே அடுத்த சம்பளத்திலேயே தொடங்குங்கள். தவணைத் தேதியைச் சம்பளம் வரும் நாளுக்கு மறுநாளாக வைத்துக்கொள்ளுங்கள்.